மாமா கடை நடத்துகிறார், படகு ஓடுகிறது: ‘ரன்’னுக்குப் பிரெஞ்சில் எந்தச் சொல்?

கும்பகோணத்தில் பிரெஞ்சு படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “ஆங்கிலத்தில் ரன் என்று ஒரே சொல். அகராதியைத் திறந்தால் அதற்குப் பிரெஞ்சில் பக்கம் பக்கமாகச் சொற்கள். ‘என் மாமா மளிகைக் கடை நடத்துகிறார்’ என்று எழுத, முதலில் கண்ணில் பட்ட கூரீர் என்பதைப் போட்டேன். சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஆச்சரியக்குறியும் வைத்திருக்கிறார்கள். எதை எங்கே போடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

ஆச்சரியக்குறி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் ‘கூரீர் லே மகசான்’ என்று ஒரு வழக்கு உண்டு. கடைகடையாக ஏறி இறங்குவது என்று பொருள். தீபாவளிக்கு முந்தைய வாரம் உங்கள் ஊர் பெரிய கடைத்தெருவில் குடும்பத்தோடு செய்வோமே, அது. கடைக்குப் பதில் பெண்பிள்ளைகளைக் குறிக்கும் சொல்லைப் போட்டால் இன்னும் மோசம், பெண்கள் பின்னால் சுற்றுகிறவர் என்று ஆகிவிடும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மாமாவைத் தெருத்தெருவாக அலையவிட்டிருக்கிறீர்கள் தம்பி. எழுத வேண்டியது: ‘மொனோன்க்ல் தியான் யூன் எபிஸ்ரி’. வினைச்சொல் தெனீர். கையில் பிடித்திருப்பது என்று அதற்கு அடிப்படைப் பொருள். பிரெஞ்சுக்காரருக்குக் கடை என்பது ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிற பொருள்.

(தமிழ் எழுத்தில் உச்சரிப்பைத் தருவதால் ஒரு குறிப்பு. ‘ழ’ வரும் இடத்தில் நம் வாழைப்பழத்து ழ இல்லை. ‘ஜ’வை நாக்கு மேலே முட்டாமல் காற்றோடு சொன்னால் வரும் ஓசை. புதுச்சேரிப் பக்கம் ரொம்ப நாளாக இப்படித்தான் எழுதுகிறோம்.)

இப்போது கேள்விக்கு வருகிறேன். காரைக்காலில் 28 வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் என் பதில் சின்னது: ஆங்கிலத்திலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குப் போகாதீர்கள், தமிழ் வழியாகப் போங்கள். ஏன் என்பதுதான் பெரிய கதை.

ரன் என்பது ஆங்கிலத்தில் ஊர் வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற ஆள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைத் திருத்துகிறவர்கள் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்து எழுதினார்கள். அதற்கு முந்தைய 1989 பதிப்பில் முதலிடம் ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது, ரன் அதை முந்திவிட்டது. 645 பொருளுக்கு 645 பிரெஞ்சுச் சொல்லா என்று பயப்பட வேண்டாம். பத்துப் பன்னிரண்டு கைவசம் இருந்தால் போதும், அன்றாடப் பேச்சு முழுக்கச் சமாளித்துவிடலாம். ஆனால் பிரெஞ்சில் எந்த வினை வரும் என்பதைத் தீர்மானிப்பது ரன் இல்லை. எது ஓடுகிறது, யார் ஓட்டுகிறார் என்பதுதான் தீர்மானிக்கும். தமிழில் நாம் அதை யோசிக்காமலே செய்துகொண்டிருக்கிறோம்.

தண்ணீரில் ஆரம்பிக்கிறேன், டெல்டாக்காரனுக்குக் கைக்கெட்டும் உதாரணம் அதுதான். எங்கள் ஊரில் அரசலாறு ஓடுகிறது: ‘லரசலார் கூல்’. வினைச்சொல் கூலே. ஆற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கண்ணீர், ரத்தம் எல்லாவற்றுக்கும் இதுவே. மூக்கு ஒழுகினாலும் இதுதான்: ‘ழே லெ நே கி கூல்’. ஒழுகுகிற மூக்கு எனக்கு இருக்கிறது என்கிற மாதிரி அமைப்பு. தமிழில் நாம் இதைவிடப் பொடிப்பொடியாகப் பிரிக்கிறோம். ஆறு ஓடும், வாய்க்கால் தண்ணீர் வயலுக்குப் பாயும், கூரை ஒழுகும், பானை கசியும், குழாய் சொட்டும். பிரெஞ்சுக்காரர் வெட்டுகிற இடம் வேறு. பழுதான குழாய் சொட்டிக்கொண்டே இருந்தால் அவர்கள் பெரும்பாலும் கூலே சொல்ல மாட்டார்கள். ‘லெ ரொபினே ஃப்வீ’ என்பார்கள். ஃப்வீர் என்றால் தப்பி ஓடுவது. கடன் வாங்கியவன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடினாலும், வாஷர் போன குழாயில் தண்ணீர் ஒழுகினாலும் அவர்களுக்கு ஒரே வினைதான்.

இன்னொன்று. ஜூன் 12-ம் தேதி மேட்டூரைத் திறந்தாலும், கடைமடையில் இருக்கும் எங்கள் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்க நாளாகும். அந்த நாட்களில் டீக்கடையில் கேட்பது ஒரே கேள்வி: “தண்ணி வந்துடுச்சா?” இதை ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளை, வாய்க்காலில் தண்ணீர் ரன் ஆகிறது என்று நினைத்து கூலே போடும். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கடைமடைக்காரன் கேட்பது தண்ணீரின் ஓட்டத்தைப் பற்றியா? வந்து சேர்ந்ததைப் பற்றி அல்லவா! பிரெஞ்சிலும் வந்து சேர்ந்தது என்றே சொல்லுங்கள்: ‘லோ எத்தாரிவே’. தமிழ் வழியாகப் போங்கள் என்றது இதற்குத்தான்.

கூலேயில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு வருஷம் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி என்னிடம் படித்தாள், கெட்டிக்காரி. ‘எங்கள் அப்பாவின் படகு தினமும் நாகப்பட்டினம் வரை ஓடும்’ என்று எழுத நினைத்தாள். தண்ணீரில் ஓடுவதுதானே என்று கூலேயைப் போட்டுவிட்டாள். ‘லெ பத்தோ தெ மொன் பெர் கூல் து லே ழூர்.’ படகு கூலே ஆனால் அது முழுகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் அப்பாவின் படகு தினமும் முழுகுகிறது! வேறு யார் எழுதியிருந்தாலும் வகுப்பில் வாய்விட்டுப் படித்துச் சிரித்திருப்போம். கடலோரத்து வீட்டுப் பிள்ளையின் வாயால் அந்த வாக்கியத்தைச் சொல்லவைக்க எனக்கு மனசு வரவில்லை. தாளை மடித்துக் கையில் கொடுத்து, வகுப்பு முடிந்தபின் தனியாகச் சொன்னேன். படகுக்கு ‘வா’ போதும், போகிறது என்று பொருள். கம்பெனி கூலே ஆனாலும் முழுகியதுதான், திவால். நம்மூரிலும் ‘முழுகிப்போச்சு’ என்றுதானே சொல்கிறோம், அதனால் அந்தப் பொருளை மறக்கவே மாட்டீர்கள்.

அடுத்தது எஞ்சின். என் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைக் காரைக்காலில் அப்படித்தான் சொல்வோம். அவர் திருநள்ளாறு பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, ஆயில் எஞ்சின் ஒன்று வைத்தார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, அது நாலு தடவை இருமி, கரும்புகை கக்கி, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டதும் ‘ஸா மார்ஷ்!’ என்று கத்துவார். ஓடுது என்று அர்த்தம். கூட வேலை பார்த்த பெரியவர், அது எஞ்சினின் பெயர் என்றே நினைத்துக்கொண்டார். ஒரு நாள் வாசலில் வந்து துண்டை உதறிக்கொண்டே, “மாசு நின்னுபோச்சுங்கய்யா, டீசல் இல்ல” என்றார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடும்வரை எங்கள் வீட்டில் அதற்கு மாசு என்றுதான் பெயர்.

மார்ஷே என்றால் நேர்பொருள் நடப்பது. பிரெஞ்சுக்காரர் எஞ்சினை நடக்கவிடுகிறார்கள். கடிகாரம் நடக்கும், லிஃப்ட் நடக்கும், போன் நடக்கும், வியாபாரம் நடக்கும். கேட்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், வியாபாரம் நமக்கும் நடக்கத்தான் செய்கிறது. கல்யாணம் நடக்கிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. ‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்கிறோமே, அந்த ‘நடக்காது’ அப்படியே பிரெஞ்சில் ‘ஸா ந மார்ஷ் பா’. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவன் இதை உருப்போட வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு இது சும்மா கிடைக்கிறது.

எஞ்சினுக்கு வேறு இரண்டு சொற்களும் உண்டு. ‘லெ மொத்தெர் தூர்ன்’ என்றால் மோட்டார் சுற்றுகிறது, பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஃபோன்க்ஸியோனே என்பது மூன்றாவது. மார்ஷேக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எல்லோரும் கேட்பார்கள். ‘ஓடுது’க்கும் ‘இயங்குகிறது’க்கும் உள்ள வித்தியாசம்தான். வரப்பில் நின்று பேசும்போது மார்ஷே, மின்வாரியத்துக்கு மனு எழுதும்போது ஃபோன்க்ஸியோனே.

வண்டி வாகனத்துக்கு இந்த மூன்றும் வேண்டாம். கார் உருளும்: ரூலே. பஸ், ரயில் என்று சேவையாக ஓடுவதைச் சொன்னால் சிர்க்யூலே. 1898-ல் திறந்த பேரளம் - காரைக்கால் ரயில் பாதை இடையில் பல வருஷம் வண்டி ஓடாமல் கிடந்தது. அந்த ‘ஓடாமல்’ என்பதற்கு சிர்க்யூலேதான் சரி. ரூலேயில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எதிரில் வருகிறவர் “எப்படி இருக்கு பொழப்பு?” என்றால் “ஏதோ ஓடுது” என்போமே, அதைப் பிரெஞ்சில் ‘ஸா ரூல்’ என்பார்கள். கொஞ்சம் உற்சாகம் கூடுதலாக இருக்கும், நம்முடைய பெருமூச்சு அதில் கிடையாது.

இனி ஓடுவதை விட்டு ஓட்டுவதற்கு வருவோம். தமிழில் ஓடு, ஓட்டு என்றும் நட, நடத்து என்றும் தன்வினை பிறவினை தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரன்தான், குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அதனால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நடத்துகிறார்’ என்று வந்தால் கூரீர், கூலே, மார்ஷே எல்லாம் விலகிவிடும். பிறகு எதை நடத்துகிறார் என்று பார்க்க வேண்டும். கடை, ஓட்டல், கணக்குப் புத்தகம் என்றால் தெனீர். கம்பெனி, பள்ளிக்கூடம், இசைக்குழு என்று மேலே உட்கார்ந்து ஆள்களை வைத்து வேலை வாங்கினால் திரிழே. பணம், சொத்து, சிக்கல் இவற்றைப் பார்த்துக்கொள்வது ழெரே. சோதனை நடத்துவதற்கு வெறும் ‘செய்’ போதும்: ஃபேர். கம்ப்யூட்டரில் புரோகிராமை ஓட்டுவது லான்ஸே, எறிவது என்று நேர்பொருள்.

ஊரை நடத்துவதும் உண்டு. தஞ்சை மராட்டியரிடமிருந்து 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை இந்தியாவிடம் விட்டார்கள், சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். ‘அதுவரை அவர்கள்தான் ஊரை நடத்தினார்கள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ரன் போடலாம். பிரெஞ்சில் அத்மினிஸ்த்ரே. இங்கே இருந்த அதிகாரிக்கே அத்மினிஸ்த்ரத்தெர் என்றுதான் பட்டம். சொல்லைப் படித்தவுடன் கோட்டும் தொப்பியும் தெரிகிறதா? அதே வினையை மாமாவின் மளிகைக் கடைக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நடக்கவைப்பது என்பதற்குப் பிரெஞ்சில் ‘ஃபேர் மார்ஷே’. இயந்திரத்தை ஃபேர் மார்ஷே செய்தால் அதை ஓட்டுகிறீர்கள். ஓர் ஆளை ஃபேர் மார்ஷே செய்தால்? அவரிடம் புருடா விட்டுக் கிண்டல் பண்ணுகிறீர்கள். ‘த்யூ ம ஃபே மார்ஷே’ என்றால் “என்னை ஓட்டாதடா”. நம் பையன்கள் ‘ஓட்டுறது’ என்று சொல்வதும் அதுவேதான். இரண்டு ஊருக்கும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை. எப்படியோ ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

சரி, கூரீர் எங்கேதான் வரும்? காலால் ஓடுவதற்கு, சந்தேகமே இல்லை. அதைத் தவிர மூன்று இடங்களை மனசில் வையுங்கள். ஊரில் பேச்சு அடிபட்டால் ‘லெ ப்ர்வீ கூர்’, சத்தம் ஓடுகிறது என்று நேர்பொருள். ஆபத்து என்று தெரிந்தே இறங்குவது ‘கூரீர் அன் ரிஸ்க்’. ‘இந்தக் காலத்துல’ என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிற தொனிக்கு ‘பார் லே தான் கி கூர்’, ஓடுகிற காலத்தில் என்பது. சாதாரணமாகக் காலம் ஓடுகிறது என்று சொல்ல மட்டும் கூரீர் வேண்டாம், ‘லெ தான் பாஸ்’. தியேட்டரில் படம் ஓடுவதற்கும் அதே பாஸே. ஆனால் படம் 100 நாள் ஓடியது என்றால் அழகான ஒரு வழக்கு இருக்கிறது: ‘தெனீர் லஃபீஷ்’, போஸ்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மாமா கடையைப் பிடித்திருந்த அதே தெனீர்.

தேர்தலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார். இங்கிலாந்தில் நிற்கிறார். நம்மூரிலும் நிற்கிறார், டெபாசிட் போனாலும் நிற்கிறார். பிரெஞ்சில் தன்னை முன்னால் கொண்டுவந்து காட்டுகிறார்: ஸெ ப்ரெஸாந்தே. ‘தேர்தலில் நிற்கிறார்’ என்று யோசித்தவன் கூரீர் பக்கமே போக மாட்டான்.

மற்றவை விறுவிறுவென்று. காய்ச்சல் ஆங்கிலத்தில் ரன் ஆகும், தமிழில் அடிக்கும், பிரெஞ்சில் வெறுமனே இருக்கும், அவ்வார் போட வேண்டும். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் ‘தோம்பே ஸ்யூர்’, ஆள் மேல் விழுவது. பயந்துவிட வேண்டாம், அடிபடாது. வண்டி ஆள் மேல் ஏறினால் எக்ராஸே, அது நசுக்குவதுதான். வாங்கி முதல் தடவை நனைத்ததுமே புடவையில் சாயம் போனால் தேதாந்த்ர். குணம் பரம்பரையாக வந்தால் ‘ஸெ தெ ஃபமீய்’, குடும்பத்துச் சரக்கு. இவற்றில் ஒன்றில்கூடத் தமிழிலும் ஓட்டமில்லை, பிரெஞ்சிலும் ஓட்டமில்லை. ஆங்கிலம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனால் ‘இல் ந்யா ப்ளூ தெ ஸ்யூக்ர்’, இனிமேல் சர்க்கரை இல்லை. கொஞ்சம் நாசூக்காக ‘ஆ கூர் தெ’ என்றும் சொல்லலாம். இங்கேதான் நன்றாகப் படிக்கிறவர்களே சறுக்குவார்கள். அந்தக் ‘கூர்’ ஓடுகிற கூர் இல்லை. குட்டை என்று பொருள் தரும் வேறொரு சொல். எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று, வம்சம் வேறு. ஒன்று லத்தீன் குர்ரெரெ வழியில் வந்தது, மற்றது குர்துஸ் வழியில் வந்தது. சர்க்கரை ஓடிவிட்டது என்று மனப்பாடம் பண்ணாதீர்கள், கையிருப்பு குட்டையாகிவிட்டது.

குர்ரெரெ என்றதும் ஒரு கிளைக்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடுவதைக் குறிக்கும் அந்த லத்தீன் சொல்லின் பிள்ளைகளை நீங்கள் தினமும் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். “கரண்ட் போச்சு” என்கிறீர்களே, அந்தக் கரண்ட் பழைய பிரெஞ்சில் ‘ஓடுகிற’ என்ற எச்சத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இன்றைக்கும் பிரெஞ்சில் மின்சாரம் கூரான்தான். பார்சலைக் கொண்டுவரும் கூரியரும், கைமாறிக்கொண்டே இருக்கும் கரன்சியும் அதே வம்சம். ரன் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது, ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் அதன் பங்காளியான ரின்னென், தண்ணீர் வழிந்தோடுவதைக் குறிக்கும். ஆறு ஓடுவது ரன்னுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருளில்லை, பரம்பரைச் சொத்து.

வேலையாக என்ன செய்யலாம் என்றால், ரன் என்று தலைப்பிட்டுக் கீழே இருபது சொல் எழுதி உருப்போடாதீர்கள். அப்படி எழுதிய நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பரீட்சை அன்று எல்லாம் கூரீராகவே வந்து விழும். பெயரோடு சேர்த்து எழுதுங்கள். மூக்கு கூலே, குழாய் ஃப்வீர், மோட்டார் தூர்னே, பஸ் சிர்க்யூலே, கடை தெனீர், வதந்தி கூரீர். மாட்டையும் முளைக்குச்சியையும் சேர்த்தே ஓட்டிவருகிற மாதிரி, பெயரை இழுத்தால் வினை கூடவே வர வேண்டும்.

உங்கள் மாமா வாக்கியத்தை இனிமேல் வளர்க்கலாம். ‘மொனோன்க்ல் தியான் யூன் எபிஸ்ரி’ என்று தொடங்கி, கடை நன்றாக ஓடுகிறது என்பதற்கு ‘எல் மார்ஷ் பியான்’ என்று எழுதுங்கள். பக்கத்தில் புதுசாக சூப்பர் மார்க்கெட் வந்து கொஞ்சம் மந்தமென்றால் ‘எல் மார்ஷ் மொவான் பியான்’. எவ்வளவு மந்தமாக இருந்தாலும் கூல் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மாமாவுக்குப் பிரெஞ்சு தெரிந்த நண்பர் யாராவது இருந்தால், அடுத்த தடவை கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பொட்டுக்கடலை கிடைக்காது.